ஊராட்சித் தலைவருக்கு மாதம் 2,000 ரூபாய்: நியாயமான தொகையை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு சிறிய கிராம ஊராட்சிக்கு 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை தலைவராக இருந்தேன். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்பதால் வாய்ப்பு வந்தது. அதற்கு முன் வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். பதவிக்கு வந்த பிறகு மிஷினில் உட்கார நேரமே இல்லை. மதிப்பூதியம் முதலில் ஆயிரம், பிறகு இரண்டாயிரம். ஒன்றிய அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்வரவே அது போதவில்லை. குடிநீர் மோட்டார் பழுதானபோதெல்லாம் கையிலிருந்து கொடுத்தேன். மகளிர் குழுவில் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. ஊரில் மறுபடியும் நிற்கச் சொல்கிறார்கள். கணவர் கூடவே கூடாது என்கிறார். ஒரு கூட்டத்தில் நான் சம்பளம் பற்றிப் பேசியபோது, "சேவைக்கு வந்தவர்கள் கூலி கேட்கலாமா? சம்பளம் கொடுத்தால் மட்டும் திருட்டு நின்றுவிடுமா?" என்று கேட்டார்கள். கேட்பது தவறா? எவ்வளவு கொடுத்தால் நியாயம்? அதை யார் முடிவு செய்ய வேண்டும்? நான் மறுபடி நிற்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சம்பளம் கேட்பது தவறில்லை. உங்களைப் போன்ற இன்னும் பல பேர் சேர்ந்து, இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

சொந்த வேலையை ஐந்து ஆண்டுகள் விட்டுவிட்டு ஊர்வேலை பார்க்க யாரால் முடியும்? நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரால் முடியும். கடை வாடகை வருகிறவரால் முடியும். ஒப்பந்தத் தொழில் செய்கிறவரால் தாராளமாக முடியும். தையல் மிஷினை நம்பிப் பிழைக்கிற பெண்ணால், தினக்கூலிக்குப் போகிறவரால், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவரால் முடியாது. சம்பளமே இல்லாத அல்லது பெயருக்குச் சம்பளம் உள்ள ஒரு பதவி, சட்டத்தில் எழுதாமலே வசதி உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. உங்களிடம் "சேவைக்குக் கூலியா" என்று கேட்டவர்கள் இதை யோசித்துப் பார்க்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை உள்ளாட்சி பற்றிப் பேசும் எல்லா மேடைகளிலும் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் குடவோலை விதிகளில் தணிக்கைக்காரனான எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. ஆனால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் ஓலையில் பெயர் எழுதலாம் என்ற விதியும் அதே சுவரில் இருக்கிறது. அந்த நில விதியை நம் சட்டம் ஒழித்துவிட்டது. 1992இல் வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் கதவைத் திறந்தன. 2016இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வருகிறவர் எதைச் சாப்பிடுவார் என்று கேட்காமல் விட்டுவிட்டோம். நில விதி இன்று இந்த வழியாகத்தான் திரும்பி வருகிறது.

இதன் விளைவைக் கணக்குப் புத்தகங்களில் பார்க்கலாம். வருமானம் இல்லாத தலைவருக்கு யாராவது ஒருவர் முன்பணம் தந்துகொண்டிருப்பார். அது கணவராக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், குழாய் பதிக்க வரும் ஒப்பந்ததாரராக இருக்கலாம். வவுச்சரில் தலைவரின் கையெழுத்து இருக்கும். எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த வேலைக்கு முதலில் பில் என்பதைப் பணம் தந்தவர் முடிவு செய்வார். பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்காருகிறார் என்று எல்லோரும் குறை சொல்கிறோம். அந்தப் பெண்ணின் பஸ் டிக்கெட்டுக்குக் கூட அவர்தான் பணம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டுக்கு உயிர் கொடுப்பது அவர்கள் கையில் சேரும் சொந்தச் சம்பளம் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் வாங்கிய 2,000 ரூபாயைச் சற்று அளந்து பார்ப்போம். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 319 ரூபாய். அப்படியென்றால் உங்கள் ஒரு மாத மதிப்பூதியம், உங்கள் ஊராட்சியிலேயே அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஒருவரின் ஆறே கால் நாள் கூலி. நம் சட்டமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் படிகளோடு சேர்த்து 1,05,000 ரூபாய். உங்களுடையது அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நகர்ப்புறத்தில் 2023 ஜூலை முதல் மேயருக்கு 30,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சித் தலைவருக்கு 15,000, பேரூராட்சித் தலைவருக்கு 10,000 என்று மாதந்தோறும் மதிப்பூதியம் வந்தது. நல்ல முடிவு; நகரத்து உறுப்பினர்களுக்கு அது வர வேண்டியதுதான். ஆனால் அதே அறிவிப்பில் பேரூராட்சியின் வார்டு உறுப்பினருக்கு 2,500 ரூபாய். ஊராட்சியின் வங்கிக் கணக்குக்குப் பொறுப்பேற்று, தணிக்கையில் எழும் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, தவறினால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின் கீழ் பதவியே பறிபோகும் நிலையில் இருக்கும் கிராமத் தலைவருக்கு 2,000 ரூபாய். இந்த வரிசையை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் ஒரே தொகை என்பது இன்னொரு கோளாறு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஐநூறு பேர்கூட இல்லாத ஊராட்சி உண்டு. சென்னை, கோவை போன்ற நகரங்களை ஒட்டி, பல பேரூராட்சிகளைவிடப் பெரிய ஊராட்சிகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி, எவ்வளவு என்ற கேள்வி. இதற்கு இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் பின்பற்றும் வழி எனக்குத் தெளிவாகப் படுகிறது. அங்கே 2003ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மன்றமும் வெளியார் கொண்ட குழு ஒன்றை வைக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர். அவர்களில் யாரும் மன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது. அந்தக் குழு முதலில் கேட்பது, இந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான். அந்த நேரத்துக்கு அந்த வட்டாரத்துக் கூலியைப் போட்டு, அதில் ஒரு பங்கைப் பொதுத்தொண்டு என்று கழித்துக்கொண்டு, மீதியை அடிப்படைப் படியாகப் பரிந்துரைக்கிறது. தலைமைப் பொறுப்பில் உள்ளவர்களுக்குக் கூடுதல் படி தனி. குழு சொன்னதை அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் மன்றத்துக்கு இல்லை. ஆனால் அதைப் பரிசீலிக்காமல் தொகையை மாற்ற முடியாது, பரிந்துரையை மக்களுக்கு மறைக்கவும் முடியாது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். ஒரு நடுத்தர ஊராட்சியின் தலைவர் மாதத்துக்கு 120 மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரக் கணக்கில் அது 15 நாள். ஓரளவு திறன் தேவைப்படும் வேலைக்கு அந்தப் பகுதியில் நாளுக்கு 900 ரூபாய் என்று கொண்டால் 13,500 ரூபாய் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தொண்டாகக் கழித்தால் 9,000. பயணம், தொலைபேசி ஆகியவற்றுக்கு ஆன செலவு ரசீதின் பேரில் தனியாக வர வேண்டும்; அதை மதிப்பூதியத்துக்குள் அடக்கக் கூடாது. மணி நேரமும் கூலியும் இங்கே நான் எடுத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் இந்த வழியில் எங்கே கணக்குப் போட்டாலும் 2,000 வராது. தொண்டுக்காகக் கழிப்பதிலும் எனக்கு ஒரு வரம்பு உண்டு. பாதியைக் கழிப்பது ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்றவருக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. தலைவரின் ஒரு நாள் உழைப்பு, கழித்த பிறகும் சாதாரண நாள்கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஊராட்சியின் அளவுக்கு ஏற்ற படிநிலையைப் பிரேசில் நாட்டில் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்தாயிரம் பேர் வரை உள்ள ஊரின் மன்ற உறுப்பினருக்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளத்தில் 20 சதவீதம் உச்சவரம்பு. ஐந்து லட்சத்தைத் தாண்டிய நகரத்தில் 75 சதவீதம். இடையில் நான்கு படிகள். இது மேல்வரம்புதான், எல்லோருக்கும் அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஒரு பார்வைக்குச் சொல்கிறேன்: நம் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளத்தில் 20 சதவீதம் 21,000 ரூபாய். அங்கே சம்பளம் உயர்ந்த ஊர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், போட்டியிடுவோர் எண்ணிக்கையும் அவர்களின் கல்வித் தகுதியும் கூடியதைக் கண்டார்கள். பிரேசிலின் விதிகளில் இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. இப்போதைய மன்றம் தன் சம்பளத்தை உயர்த்திக்கொள்ள முடியாது. அடுத்த மன்றத்துக்குத்தான் முடிவு செய்யலாம்.

இந்த விதி ஏன் வேண்டும் என்பதற்குப் பெல் நகரத்தைவிடப் பெரிய சான்று இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர் அது. மக்கள்தொகை ஏறத்தாழ 36,000, பெரும்பாலும் உழைக்கும் மக்கள். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் அந்த ஊர் நிர்வாகிகளின் சம்பளத்தை வெளியிட்டது. நகர மேலாளர் ராபர்ட் ரிசோவுக்கு ஆண்டுக்கு 7,87,637 டாலர். அந்த நாட்டின் அதிபருக்கு அப்போது நான்கு லட்சம் டாலர்தான். பகுதிநேர வேலையான மன்ற உறுப்பினர் பதவிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர்.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பொதுச்சட்டத்தின் கீழ் இயங்கும் ஊர்களில் மன்ற உறுப்பினரின் சம்பளத்துக்கு மக்கள்தொகைப்படி வரம்பு உண்டு. தனிச் சாசனம், அதாவது தனக்கென்று எழுதிக்கொண்ட நிர்வாக விதிகள், வைத்துக்கொண்ட ஊர்களை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. 2005இல் பெல்லில் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடத்தித் தனிச் சாசனத்துக்கு மாறினார்கள். வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. அதன் பிறகு, பெரும்பாலும் கூடாத அல்லது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற பல வாரியங்களின் உறுப்பினர்கள் என்ற பெயரில் தங்களுக்குத் தாங்களே படி எழுதிக்கொண்டார்கள். மொத்தம் எவ்வளவு என்பது எந்த ஒரு தாளிலும் ஒரே வரியில் தெரியாது. செய்தி வெளியான பிறகு மக்கள் திரண்டார்கள், வழக்குகள் வந்தன, 2014இல் ரிசோவுக்கு 12 ஆண்டுச் சிறை கிடைத்தது. உள்ளாட்சி நிர்வாகிகளின் சம்பளம் முழுவதையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட மாநிலக் கணக்குத் தலைவர் உத்தரவிட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த உத்தரவு இருந்திருந்தால் திருட்டு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

"சம்பளம் கொடுத்தால் திருட்டு நின்றுவிடுமா" என்று உங்களைக் கேட்டவருக்குப் பதிலும் இதில் இருக்கிறது. நிற்காது. கொள்ளைச் சம்பளம் வாங்கிய பெல் நகரத்தார் அதற்கு மேலும் எடுத்தார்கள். திருட்டைப் பிடிப்பது தணிக்கையின் வேலை, கிராம சபையின் வேலை. சம்பளத்தின் வேலை வேறு: திருட விரும்பாத ஏழை ஒருவர் அந்த நாற்காலியில் ஐந்து ஆண்டுகள் உட்கார முடிவது. அந்த ஒருவருக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

யார் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஊராட்சி மன்றம் தனக்குத் தானே தீர்மானம் போட்டுக்கொள்ளவே கூடாது. அமைச்சரின் அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் சரியில்லை, ஏனென்றால் அது பரிசாக வருகிறது, தேர்தலைப் பார்த்து வருகிறது. நம் அரசியல் சட்டத்தில் இதற்கு ஏற்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட்டு, உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு நிதி என்பதைப் பரிந்துரைக்கிறது. தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகியோரின் மதிப்பூதியத்தையும் மக்கள்தொகைப் படிநிலையோடு அந்த ஆணையமே பரிந்துரைக்கட்டும். அடுத்த பதவிக்காலத்தில் அது நடைமுறைக்கு வரட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்பத் தானாக உயரட்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை 2018 முதல் பணவீக்கக் குறியீட்டோடு இணைத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் இருந்து கணக்கிட்டு அது ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. டெல்லிக்குப் பொருந்துகிற ஏற்பாடு கிராமத்துக்கும் பொருந்தும். பணம் மாநில நிதியிலிருந்து வர வேண்டும். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் மட்டுமே வருமானமாக உள்ள சிற்றூராட்சி இதைத் தன் பொதுநிதியிலிருந்து கொடுக்க முடியாது.

ஒன்றை மட்டும் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சம்பளம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும் தொட்டி இயக்குபவரையும் தூய்மைக் காவலரையும் முதலில் சொல்லுங்கள். விடியற்காலையில் மோட்டார் போடுகிறவரும், தெருத்தெருவாகக் குப்பை வாங்குகிறவரும் சில ஆயிரங்களில் குடும்பம் நடத்துகிறார்கள். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளாட்சி வேலை இடம்பெற்றிருந்தது. ஆனாலும் அவர்கள் நிலை இதுதான். அவர்களைத் தாண்டித் தலைவர்கள் மட்டும் உயர்வு கேட்டால் ஊர் உங்கள் பின்னால் வராது. வரவும் கூடாது.

கையிலிருந்து செலவழித்த பணத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், வருத்தமாக இருந்தாலும். மன்றத் தீர்மானமும் பில்லும் இருக்கும் செலவுகளுக்கு மட்டும் இப்போதும் எழுத்து மூலமாக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் இல்லாமல் கொடுத்தது திரும்பாது. அவசரத்துக்குக் கைக்காசு போடும் பழக்கம் நல்ல மனத்தோடு தொடங்குகிறது. பிறகு அதை எந்தப் பில்லில் சேர்த்து எடுப்பது என்று யாராவது சொல்லித்தருவார்கள். நேர்மையானவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த வழியில் போகாமல் கடனைச் சுமந்தீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். உங்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

மறுபடி நிற்கலாமா என்றால், இப்போதைய தொகை அப்படியே இருக்கும்வரை, மகளிர் குழுக் கடன் அடையாமல் நிற்காதீர்கள். ஊர் உங்களை விரும்புகிறது என்பதற்காக உங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கடன் அடைந்துவிட்டது, தையலை வாரத்தில் மூன்று நாளாவது தொடர வழி இருக்கிறது, அந்த நாட்களில் துணைத் தலைவரும் ஊராட்சிச் செயலரும் வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் நில்லுங்கள். எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பீர்கள், எந்த நாளில் இருக்க மாட்டீர்கள் என்பதை வாக்குக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். கணவரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து ஐந்து ஆண்டில் தையலில் இழந்த வருமானத்தையும் கைச்செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்று நீங்கள் தலைவர் இல்லை, வாக்காளர். உங்கள் சம்பளத்தைப் பற்றி நீங்களே பேசுகிறீர்கள் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அதனால் இதைப் பேச இதுவே உங்களுக்கு ஏற்ற நேரம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அடுத்து வரும் சபையில் அந்தக் கணக்கைப் படித்துக்காட்டி, மதிப்பூதியத்தை மாநில நிதி ஆணையம் நிர்ணயிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு, எண்ணும் தேதியும் குறித்து ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.